பக்கத்துத் தம்பி

போன கார்த்திகையில் ஒரு சாயங்காலம் அன்னூரில் எங்கள் பழைய வீட்டு ஆசாரத்தில் உட்கார்ந்திருந்தேன், பக்கத்து வீட்டுச் சின்னம்மா ஒரு போசி நிறைய வேகவைத்த கடலைக்காயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார், மூடியை எடுத்ததும் மண்ணும் கல்லுப்பும் பச்சைத் தோலும் கலந்த ஆவி முகத்தில் அடித்தது. எதிரே டிவியில் ஆறு கட்டங்களுக்குள் ஆறு பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள், நெறியாளர் அந்த ஆறு பேரையும்விட உரக்கப் பேசினார், யார் எதற்குப் பதில் சொல்கிறார்கள் என்று பிடிபடுவதற்குள் கரண்ட் போய்விட்டது. சத்தம் அறுந்த வீட்டில் கடலைக்காய் வாசனை மட்டும் இருந்தது, இருட்டில் ஒரு காயை உடைத்து வாயில் போட்டபோது, இதே ஆசாரத்தில், இதே தூணுக்குப் பக்கத்தில், 1989 நவம்பரில் எங்கள் தாத்தாவின், அப்பாருவின் தொடையில் சாய்ந்துகொண்டு டெல்லியைப் பார்த்துக்கொண்டிருந்த இரவுகள் வந்துவிட்டன.

அந்த வருஷம்தான் கடலைக்காய் விற்ற காசில் டயனோரா டிவி வாங்கியிருந்தோம், கறுப்பு வெள்ளை, முன்னால் இழுத்து மூடும் மரக் கதவு வைத்தது, அதற்குக் கீழே உறுமிக்கொண்டே இருக்கும் ஸ்டெபிலைசர், அது சூடேறும்போது உள்ளே படிந்த தூசு கருகும் வாசனையும் அடுப்பங்கரையிலிருந்து வரும் கடலைக்காய் வாசனையும் சேர்ந்து ஆசாரம் முழுக்க நிற்கும். சித்தப்பா ஓட்டின் மேல் ஏறி ஆன்டெனாவைத் திருப்புவார், கீழிருந்து நான் "ஆச்சு, ஆச்சு" என்று கத்துவேன், படம் நின்றதும் சுண்ணாம்புச் சுவரில் நீல வெளிச்சம் ஏறும், தெருக்காரர்கள் தாவாரம் வரை உட்கார்ந்திருப்பார்கள், பெண்கள் தூணுக்கு அந்தப் பக்கம், கைகள் மட்டும் கடலைக்காய் உரித்துக்கொண்டிருக்கும்.

நாடாளுமன்றத் தேர்தலின் கடைசிக் கட்ட வாக்குப்பதிவு நவம்பர் 26-ல் முடிந்து எண்ண ஆரம்பித்தார்கள். அப்போதெல்லாம் வாக்குச் சீட்டு, பெட்டியைக் கவிழ்த்து, பிரித்து, கட்டுக்கட்டாகக் கட்டி, மனிதக் கையால் எண்ணி முடிக்க இரண்டு மூன்று நாள் ஆகும், தூர்தர்ஷன் அந்த நாட்கள் முழுக்க விழித்திருக்கும், முடிவு வராத நேரத்தில் இந்திப் படம் போடும், படத்தை நடுவில் நிறுத்தி நிலவரம் சொல்லும். சொல்பவர்கள் இருவர், தாடி வைத்த பிரணாய் ராய் ஆங்கிலத்தில் பேசுவார், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வினோத் துவா அதை அப்போதைக்கு அப்போது இந்தியில் சொல்வார். அப்பாருவுக்கு இரண்டு மொழியும் தெரியாது, ராய் அவருக்குத் தாடிக்காரர், துவா பக்கத்துத் தம்பி, கடைசிவரை அந்தப் பெயர்களே நிலைத்துவிட்டன. ஆறாம் வகுப்பு ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு ராய் சொல்வதில் பாதியை நான் அன்னூர்த் தமிழில் அப்பாருவுக்குச் சொல்லுவேன், டெல்லியில் அந்தத் தம்பி செய்த வேலையை இங்கே நான் செய்துகொண்டிருந்தேன், அந்த வேலைதான் பிற்பாடு எனக்குச் சோறு போட்டது என்பதால் இன்றும் அந்த ராத்திரிகளை என் முதல் உத்தியோகமாகவே நினைக்கிறேன்.

ராய் அடிக்கடி ஸ்விங் என்பார். எனக்குத் தெரிந்த அர்த்தம் ஊஞ்சல்தான், அப்படியே சொன்னேன், அப்பாரு புருவத்தைச் சுருக்கினார். திரையில் எண்களைக் காட்டினார்கள், நூறு பேரில் ஐந்து பேர் இந்தக் கட்சியை விட்டு அந்தக் கட்சிக்குப் போனால் ஸ்விங் ஐந்து, ஆனால் இரண்டு பேருக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் பத்து மாறிவிடும், எனக்குக் குழப்பமாக இருந்தது. அப்பாரு கடலைக்காயை இரண்டு குவியலாகத் தரையில் வைத்து, இந்தக் குவியலில் ஒரு கை அள்ளி அந்தக் குவியலில் போட்டார், "ஒரு பக்கம் ஒரு கை கொறைஞ்சுது, மறுபக்கம் ஒரு கை ஏறிப்போச்சு, ஆகமொத்தம் ரெண்டு கை, இதுதானுங்களே சங்கதி" என்று டிவியைப் பார்த்தே சொன்னார். தராசு பிடித்தே வாழ்ந்தவருக்கு அதைப் புரிந்துகொள்ளப் புத்தகம் தேவைப்படவில்லை. டேவிட் பட்லர், அசோக் லாகிரி என்ற இருவரோடு சேர்ந்து இந்தியத் தேர்தல்களின் புள்ளிவிவரங்களை ராய் 1984-லேயே புத்தகமாக்கியிருந்தார் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்தது வெகுகாலம் கழித்து.

ஆனால் அப்பாரு பார்த்துக்கொண்டிருந்தது ராயை அல்ல, பக்கத்துத் தம்பியை. மாட்டு வியாபாரம் பழகியவர் அவர், சந்தையில் விலை பேசும்போது இரண்டு பேர் கையையும் துண்டால் மூடிக்கொண்டு, விரலைப் பிடித்தே ஆயிரமும் நூறும் சொல்லுவார்கள், சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது, வாயில் பேச்சே இருக்காது. என்னையும் கூட்டிப் போயிருக்கிறார், சாணியும் வைக்கோலும் பொரிகடலையும் நாறும் அந்தக் கூட்டத்தில் அவர் விரலைப் பிடித்து விலையைக் கேட்டுவிட்டு எதிராளியின் கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பார், எவ்வளவு நேரமானாலும் நிற்பார், எதிராளி தொண்டையைச் செருமுவான், காலை மாற்றி வைப்பான், கடைசியில் உண்மையான விலை அவன் விரலில் வரும். வீட்டுக்கு வரும் வழியில் ஒருநாள் சொன்னார், "கேட்டுப்போட்டு சும்மா இருக்கோணும் கண்ணு, நாமளே பேசுனா நம்ம பேச்சுத்தான் நமக்குத் திரும்பி வரும்." டிவியில் துவா ஒரு தலைவரைக் கேள்வி கேட்டுவிட்டு லேசாகத் தலையைச் சாய்த்துக் காத்திருக்கும்போதெல்லாம் அப்பாரு என் முதுகைத் தட்டுவார், "பாரு, நிக்கறாம் பாரு." ஒரு சொல் புரியாமல் அவர் பார்த்தது அந்த நிற்றலைத்தான்.

தமிழ்நாட்டில் 39 தொகுதியில் 38-ஐ காங்கிரஸும் அதிமுகவும் சேர்ந்து அள்ளின, எங்கள் தெருவில் வெடி வெடித்தார்கள், டெல்லியிலோ ஐந்து வருஷத்துக்கு முன் நானூறைத் தாண்டியிருந்த ராஜீவ் காந்தியின் காங்கிரஸ் 197-ல் நின்றுவிட்டது, டிசம்பர் 2-ல் வி.பி.சிங் பிரதமரானார். இங்கே ஜெயித்த கட்சி அங்கே தோற்றது எப்படி என்று தெருவே கேட்டது, அப்பாரு மட்டும் வேறொன்றை, எங்கள் பக்கம் தேர்தலுக்குத் தேர்தல் கேட்டுவந்த தண்ணீரைக் கேட்டார். "அத்திக்கடவுத் தண்ணியப் பத்தி யாராச்சும் கேட்டாங்களா?" இல்லைங்க அப்பாரு என்றேன். "அந்தத் தம்பிகிட்டச் சொன்னாக் கேப்பான்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தொண்டுப்பட்டிக்குப் போனார்.

அந்தத் தம்பியைப் பற்றி எனக்கு விவரம் சேர்ந்தது பிற்காலத்தில், துண்டு துண்டாக. 1954-ல் டெல்லியில் பிறந்தவர், பெற்றோர் பிரிவினையின்போது தேரா இஸ்மாயில் கானை விட்டு வந்தவர்கள், அகதிக் குடியிருப்புகளில் வளர்ந்தவர், ஹன்ஸ்ராஜ் கல்லூரியில் படித்தவர், 1974-ல் 'யுவ மஞ்ச்' என்ற இளைஞர் நிகழ்ச்சியில் முதன்முதலாக டிவியில் தோன்றினார். அப்போது சென்னையில் டிவியே கிடையாது, சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல்தான் வந்தது. 1985-ல் அவர் நடத்திய 'ஜன்வாணி'யைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன், மத்திய அமைச்சர்களை உட்கார வைத்துச் சாதாரண ஜனங்களை நேரே கேள்வி கேட்க விட்ட நிகழ்ச்சி, அதுவும் அரசாங்கத்தின் சொந்தத் தொலைக்காட்சியில், வேறு தொலைக்காட்சியே இல்லாத காலத்தில். தாசில்தார் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது எட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன், அந்த வருஷம் எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் டிவி இல்லை. 1992-ல் 'பரக்' என்ற வாராந்திரச் செய்தித் தொகுப்பைத் தூர்தர்ஷனுக்காக அவர் கொண்டுவந்தபோது நான் கோவைக்குப் படிக்கப் போகத் தயாராகிக்கொண்டிருந்தேன்.

கோவை என்றால் எனக்குக் காந்திபுரத்துப் பஸ் புகையும், மில் ஷிஃப்ட் முடிந்து வருபவர்களின் சட்டையில் ஒட்டிய பஞ்சும், சத்தி ரோட்டு டீக்கடையில் காலையில் போடும் முதல் டீயின் துவர்ப்பும்தான். சன் டிவி 1993 தமிழ் வருஷப் பிறப்பன்று தொடங்கியது, கேபிள் ஒயர்கள் தெருவுக்குத் தெரு துணிக்கொடி மாதிரித் தொங்கின, கொஞ்ச காலத்தில் ரபி பெர்னார்டின் 'நேருக்கு நேர்' வந்தது, டெல்லிக்காரர்கள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் கேட்டதை ஒருவர் தமிழில் கேட்கிறார் என்பதே எங்களுக்குப் பெரிய சங்கதி, டீக்கடைக்காரர் அந்த நேரத்தில் பாய்லர் பக்கம் போகவே மாட்டார். கண் புரைக்கு மருந்து வாங்க வந்த அப்பாரு என் அறையில் தங்கிய வாரம் அவரையும் கூட்டிப்போனேன், பெஞ்சில் நுனியில் உட்கார்ந்து, கண்ணாடிக்குப் பின்னால் கண்ணைச் சுருக்கிக் கடைசிவரை கேட்டார், முதல்முறையாக நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. திரும்பி நடக்கும்போது, "இவுரும் நிக்கறாரு, ஆனா அந்தத் தம்பி மாதிரி வராது" என்றார். சொல் புரிந்த இடத்தைவிடப் புரியாத இடத்தில் அவர் அதிகம் கேட்டிருக்கிறார் என்று எனக்கு அன்று உறைத்தது. ரபி பெர்னார்ட் பின்னாளில் அதிமுக சார்பில் மாநிலங்களவைக்குப் போனார், அது அவர் உரிமை, ஆனால் கேள்வி கேட்கும் நாற்காலியில் உட்கார்ந்த ஒருவர் பதில் சொல்லும் பக்கத்துக்குப் போய்விட்டாரே என்று அந்தச் செய்தியைப் படித்த காலையில் எனக்கு மனசு கனத்தது.

அப்பாரு அதற்கெல்லாம் இல்லை. 1998-ல், ஒரு தேர்தல் முடிந்த கையோடு, துண்டைத் தலைக்கு வைத்துத் திண்ணையில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

பிறகு டெல்லி, கரோல்பாக், மொழிபெயர்ப்பு வேலை, மாடியில் ஒரு அறை. குளிர்காலக் காலையில் கடுகெண்ணெய் காயும் வாசனை படி ஏறி வரும், முதல் வருஷம் அது எனக்குக் குமட்டியது, இரண்டாம் வருஷம் பசியைக் கிளப்பியது. வீட்டுக்காரர் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சிறு பையனாக வந்த பஞ்சாபிக் கிழவர், ஜனவரி வெயிலில் மொட்டை மாடியில் கட்டிலைப் போட்டு, ஆரஞ்சுச் சுளையில் கறுப்பு உப்பைத் தொட்டு எனக்கு ஒன்று தனக்கு ஒன்றாகச் சாப்பிடுவார், தோலை எறியாமல் கட்டில் விளிம்பில் வரிசையாகக் காயவைப்பார். சாயங்காலம் என்டிடிவி இந்தியாவில் 'ஜாய்கா இந்தியா கா' போடுவார், வினோத் துவா ஊர் ஊராகப் போய்ச் சந்துக்கடையில் நின்று சாப்பிடும் நிகழ்ச்சி, தலை நரைத்திருந்தது, உடம்பு பருத்திருந்தது, கடைக்காரரிடம் ஏதோ கேட்டுவிட்டு வாயில் கவளத்தோடு காத்திருக்கும் அந்தத் தலைச்சாய்ப்பு மட்டும் மாறவில்லை. அரசியல் பேசியவர் ஏன் சோற்றைப் பேசுகிறார் என்று முதலில் எனக்கு ஏமாற்றம்தான், கிழவர் ஒருநாள் சொன்னார், இவன் பேசும் இந்தியில் எங்கள் ஊர் ஒட்டிக்கொண்டிருக்கிறது, இவன் பெற்றோர் விட்டுவந்த ஊரும் நான் விட்டுவந்த ஊரும் அந்தப் பக்கம்தான், ஊரை இழந்தவன் கடைசியில் நாக்கில்தான் தேடுவான் என்று. 2008-ல் துவாவுக்குப் பத்மஸ்ரீ கிடைத்த அன்று கிழவர் எனக்கு ஜிலேபி வாங்கிக் கொடுத்தார்.

ஒன்றைச் சொல்லாமல் போனால் அப்பாரு என்னை மன்னிக்க மாட்டார். 2018-ல் ஒரு பெண் திரைப்பட இயக்குநர், 1989-ல் துவா தன்னிடம் தவறாக நடந்துகொண்டார் என்று வெளிப்படையாகப் புகார் சொன்னார், துவா மறுத்தார். 1989 என்று படித்ததும் என் கை நின்றுவிட்டது, எங்கள் ஆசாரத்துச் சுவரில் நீல வெளிச்சம் விழுந்த அதே வருஷம். அந்தப் பெண் தன் கேள்வியைக் கேட்க இருபத்தொன்பது வருஷம் ஆகியிருக்கிறது, அத்தனை காலம் அவர் எப்படி இருந்தார் என்பதை என் நினைவின் இதமான வாசனைகள் மூடிவிடக் கூடாது. அன்றிலிருந்து அந்த இரவுகள் எனக்கு முன்போல முழுசாக இல்லை, அப்படி இல்லாமல் இருப்பதே சரி.

துவாவின் பேச்சு நிற்கவில்லை, டிவியை விட்டு இணையத்துக்கு வந்து, வீட்டு அறையில் உட்கார்ந்து அரசாங்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். 2020-ல் ஒரு நிகழ்ச்சிக்காக இமாச்சலப் பிரதேசத்தில் அவர்மீது தேசத் துரோக வழக்குப் பதிவானது, உச்ச நீதிமன்றம் போனார், 2021 ஜூன் 3-ல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது, அரசைக் கடுமையாக விமர்சிப்பது தேசத் துரோகம் ஆகாது என்று 1962-ம் வருஷத்துக் கேதார்நாத் சிங் தீர்ப்பு கொடுத்த பாதுகாப்பு ஒவ்வொரு பத்திரிகையாளருக்கும் உண்டு என்றது. பத்து வருஷ அனுபவம் உள்ள பத்திரிகையாளர்மேல் வழக்குப் போடும் முன் ஒரு குழு பரிசீலிக்க வேண்டும் என்று அவர் கேட்டதை மட்டும் ஏற்கவில்லை. அதே ஜூன் மாதம் அவர் மனைவி கொரோனாவில் போனார், மருத்துவர், எல்லோரும் சின்னா என்று கூப்பிட்டார்கள், அந்தப் பெயரைப் பார்த்ததும் ஏதோ எங்கள் சத்தி ரோட்டு வீட்டுப் பெண்ணைப் போல எனக்கு நெருக்கமாகப்பட்டது. டிசம்பர் 4-ல் துவாவும் போனார், 67 வயது. நான் அப்போது அன்னூருக்கே திரும்பி வந்திருந்தேன், செய்தியை ஆசாரத்துத் தூணில் சாய்ந்துகொண்டுதான் படித்தேன், சொல்வதற்கு வீட்டில் ஆள் இல்லை.

அடுத்த வருஷம் டிவிக்காரர்கள் எங்கள் ஊருக்கே வந்தார்கள். அன்னூர், மேட்டுப்பாளையம் தாலுகாக்களில் மூவாயிரம் ஏக்கருக்கும் மேல் எடுத்துத் தொழிற்பூங்கா அமைக்கப் போகிறார்கள் என்று விவசாயிகள் போராடினார்கள், 2022 டிசம்பரில் விவசாயிகள் சம்மதம் இல்லாமல் நிலத்தை எடுக்க மாட்டோம் என்று அரசு சொல்லும்வரை ஊர் கொதித்தது, குடை வைத்த வண்டிகள் ரோட்டோரம் நின்றன. ஒரு இளைஞர் மைக்கை ஒரு பாட்டியிடம் நீட்டி, "நிலம் போனா என்னம்மா பண்ணுவீங்க?" என்று கேட்டார், பாட்டி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, எங்கிருந்து தொடங்குவது என்று மண்ணைப் பார்த்தார், அவ்வளவுதான், மைக் அடுத்தவரிடம் போய்விட்டது. பாட்டி சொன்னார், நான் மட்டும் கேட்டேன். கலியாணமாகி வந்த வருஷம் அந்தக் காட்டில் கிணறு வெட்டியதை, பாறை வந்ததை, வெடி வைத்த அன்று தன் முதல் பிள்ளை பிறந்ததை, வரிசையாகச் சொல்லி முடிக்க நாலு நிமிஷம் ஆகியிருக்கும். எந்த டிவியிலும் அது வரவில்லை. அந்த இளைஞர்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் காதில் செருகிய கருவி வழியாக யாரோ அவரை அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்கள், நிற்பதற்கு அவருக்குச் சம்பளம் இல்லை.

அத்திக்கடவுத் தண்ணீரும் வந்துவிட்டது. அறுபது வருஷம் ஊர் ஊராக, தேர்தல் தேர்தலாகக் கேட்டது, 2019-ல் அடிக்கல் நாட்டி, 2024 ஆகஸ்ட் 17-ல் தொடங்கிவைத்தார்கள், 1,916 கோடி ரூபாய்த் திட்டம், பவானி ஆற்றில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே வீணாகப் போகும் உபரி நீரில் வருஷத்துக்கு ஒன்றரை டிஎம்சியை ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக மேலே ஏற்றி, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 ஏரி குளம் குட்டைகளுக்குக் கொண்டுபோவது, ஆறாவது நிலையம் எங்கள் அன்னூர். குழாயிலிருந்து குட்டையில் தண்ணீர் விழுவதைப் பார்க்கப் போனேன், காய்ந்த களிமண் நனையும்போது எழும் அந்த வாசனையில் அப்பாருவின் துண்டு வாசனை இருந்தது, வியர்வையும் புகையிலையும் வைக்கோலும். அவர் கேட்டுவிட்டு நின்ற கேள்விக்குப் பதில் வர அவர் போய் இருபத்தாறு வருஷம் ஆகியிருந்தது.

கரண்ட் வந்தது, ஆறு பேரும் விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தார்கள், நான் டிவியை அணைத்தேன், போசியில் கடலைக்காய் ஆறிப்போயிருந்தது. இதைப் படிக்கிறவர்களில் மைக் பிடிக்கும் தம்பியோ தங்கையோ யாராவது இருந்தால், ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன், நாளைக்கு எங்கள் ஊர்ப் பக்கம் வந்தால், கேட்ட பிறகு அந்தப் பாட்டி மண்ணைப் பார்த்துவிட்டு நிமிர்கிறவரை நில்லுங்கள், நாலு நிமிஷம்தான் ஆகும்.